யாருடைய சாயல்

"இன்னைக்கு எப்படி வேணும்? மீசை இருக்கட்டுமா, எடுத்துரலாமா?"

கேட்டுவிட்டு மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நாற்காலியில் இருப்பவருக்குப் பேச்சு போய் வருடக்கணக்காகியிருக்கும். சிலருக்குத் தன் பெயரே மறந்துபோயிருக்கும். அதனால் என்ன? கேட்டதற்குப் பதில் வந்தே தீரும் என்பதுபோல் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். இமை கொஞ்சம் அசைந்தால் போதும். "சரி, இருக்கட்டும்" என்று வேலையில் இறங்கிவிடுவார்.

தெருவில் கிடந்தவர்களையும் வீட்டார் கைவிட்டவர்களையும் வைத்துப் பராமரிக்கும் இல்லம் அது. வாரம் ஒரு நாள் தன் சலூனைப் பூட்டிவிட்டுத் தோல்பையோடு வந்துவிடுவார். பின்பக்கத்து வராந்தாவில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிதான் இங்கே அவர் கடை. அவர் தலையில் ஒரு முடி கிடையாது. "ஊருக்கெல்லாம் வெட்டினதுல என்னுதும் சேர்ந்து போயிடுச்சு" என்பார். இல்லத்தைக் கவனித்துக்கொள்ளும் அம்மாளுக்கு அவருடைய நிதானம் பிடிக்காது.

"எல்லாருக்கும் மெஷினைப் போட்டு ஒரே இழுப்பா இழுத்து விடுங்களேன் மாஸ்டர். இவங்களுக்கு என்ன கல்யாணமா நடக்குது?"

"கல்யாண மாப்பிள்ளைதாம்மா அவசரப்படுவான். இவங்க யாருக்கும் அவசரமில்ல. எனக்கும் இல்ல."

அவருக்கு ஒரு மகள் இருந்தாள். பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் வழக்கமாக அதன் முகத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். மூக்கு மாமனுக்கு, நெற்றி அத்தைக்கு, காது தாத்தாவுக்கு என்று. அவர் மகளைப் பார்க்க வந்தவர்கள் போர்வை நல்ல நிறம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். குழந்தைக்கு இடது கன்னத்து எலும்பு வளரவில்லை. அந்தப் பக்கத்துக் கண் பாதிதான் திறந்தது, வாய் கோணியிருந்தது. எல்லாரும் போன பிறகு மனைவி கேட்டாள்: "இவ யார் சாயல்ங்க? ஒருத்தர்கூட சொல்லலையே."

மாஸ்டர் அப்போது ஆலயத்தில் பைபிளிலிருந்து வேதபாடம் வாசிப்பவர். கணீரென்ற குரல். "கடவுள் தன்னோட சாயல்லதானே மனுஷனைப் படைச்சார்? இவ அவர் சாயல்" என்றார். மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். அன்று முதல் யார் எதைக் கேட்டாலும் வீட்டில் அதுதான் பதில். மகளும் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறவர்களிடம், "நான் கடவுள் ஜாடை, தெரியுமா?" என்று சொல்லிவிட்டு வருவாள்.

ஒரு வருடம் ஆலயத்துப் பிள்ளைகள் படைப்பின் கதையை நாடகமாகப் போட்டார்கள். ஏவாள் வேடம் வேண்டும் என்று முதலில் கை தூக்கியவள் அவள்தான். வசனமெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். சொல்லிக்கொடுத்த ஆசிரியை பொல்லாதவள் இல்லை. பிள்ளையின் மனசு நோகக்கூடாதே என்று, "உனக்குக் குரல் நல்லாருக்குடா. நீ திரைக்குப் பின்னால நின்னு பறவை மாதிரி கத்து" என்றாள். மகள் அருமையாகக் கத்தினாள். சபையே கைதட்டியது. வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"ஏம்ப்பா, என்னைச் செய்யும்போது கடவுளுக்குக் கை நடுங்கிடுச்சா?"

அவர் கத்தி பிடிக்கிறவர். கை நடுங்கினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர். "வீட்டுக்குப் போய் சொல்றேன்டா" என்றார். சொல்லவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை.

அந்த வருடமே கன்னத்தைச் சீராக்கும் அறுவை சிகிச்சைக்காக அவளை மருத்துவமனையில் சேர்த்தார்கள். மருந்து கொடுத்த மயக்கத்திலிருந்து அவள் எழுந்திருக்கவே இல்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வாசிக்க வேண்டிய பாடம் அதே படைப்பின் பாடமாக வந்தது. ஒளியும் இருளும் நன்றாகவே வந்தன. கடலும் மரமும் மிருகமும் வந்தன. மனிதனைத் தம் சாயலில் படைத்த இடத்துக்கு வந்ததும் குரல் நின்றுவிட்டது. சபை காத்திருந்தது. அவர் புத்தகத்தை மூடிவிட்டு இறங்கி வந்தார். இப்போதும் மனைவியோடு ஆலயத்துக்குப் போகிறார், கடைசி வரிசையில் உட்காருகிறார். வாசிப்பது மட்டும் இல்லை.

"திரும்ப வாசிங்க மாஸ்டர், ஆறுதலா இருக்கும்" என்று போதகர் சொல்லிப் பார்த்தார்.

"அவர்கிட்ட எனக்கு ஒரு கேள்வி நிக்குதுங்க ஐயா. என் மக கேட்டது. அதுக்கு ஒரு பதில் வரட்டும்."

இல்லத்துக்குப் போகத் தொடங்கியது அதற்கப்புறம்தான். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. "அங்க போயிட்டு வந்த அன்னைக்குத்தான் மனுஷன் ஒழுங்கா சாப்பிடுறார்" என்பாள் மனைவி.

போன வாரம் ஒரு புது ஆள் வந்திருந்தார். தீயில் வெந்து பிழைத்தவர். தலையோடு முகத்தையும் துண்டால் மூடிக்கொண்டே இருப்பார். சோறு வைக்கிறவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வைத்துவிட்டுப் போவார்கள். அவரை நாற்காலியில் கொண்டுவந்து உட்காரவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"எப்படி வேணும்?" என்றார் மாஸ்டர்.

துண்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "பாதி மூஞ்சில மயிரே முளைக்காது. போய் வேற ஆளைப் பாரு."

"சரி, மீதிப் பாதிக்கு எப்படி வேணும்?"

மாஸ்டர் நகரவில்லை. பிறகு துண்டு மெல்ல இறங்கியது. அருகில் நின்ற அம்மாள் அவசரமாகக் குழாயைத் திருகப் போனாள். மாஸ்டர் பார்த்தார். இடது பக்கம் கன்னமென்று எதுவும் இல்லை. காதிலிருந்து தாடை வரை தோல் உருகி இறுகிப் பளபளத்தது. அவர் வலது கன்னத்தை மழித்து முடித்தார்.

அந்த ஆள் துண்டைத் தேடிக்கொண்டே எழப்போனார். "முடிஞ்சுதுல்ல?"

"உக்காருங்க. இன்னொரு கன்னம் இருக்குல்ல."

வெந்நீரில் பிரஷ்ஷை நனைத்து, ஒரு முடியும் இல்லாத அந்த இடது பக்கம் முழுவதும் நுரையைப் பூசினார். கட்டைவிரலால் தோலை மெதுவாக இழுத்துப் பிடித்தார். பிறகு கத்தியைத் திருப்பி, அதன் முதுகால், காதோரத்திலிருந்து தாடை வரை, நுரையைக் கொஞ்சம் கொஞ்சமாக வழித்தெடுக்கத் தொடங்கினார்.