எட்டு மீட்டரில் ஒரு கோடு

செல்போன் ஆண்டெனா நிற்கிற மொட்டைமாடிகளில், அதன் முகத்துக்கு நேரே தரையில் ஒரு மஞ்சள் கோடு இருக்கும். உள்ளே போகாதே, வெளியே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இரு என்று அர்த்தம். எங்கள் கம்பெனியில் மீட்டரைப் பிடித்து அலையை அளப்பது நான். கோடு போடுகிறவருக்குக் கோட்டுக்காரர் என்றே பெயர்.

பிடிவாதக்காரர். "நாலு மீட்டர்னா நாலுதான். அதுலயே பயத்துக்கும் சேத்து இடம் விட்டிருக்கு" என்பார். யாராவது பயந்தால், "அடுப்பு மாதிரிம்மா. ஒட்டி நின்னா சுடும், தள்ளி நின்னா ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, கோட்டுக்கு வெளியே சம்மணம் போட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பார். அவர் சாப்பிடுவதைப் பார்த்தே பலருக்குப் பயம் தெளிந்துவிடும்.

அவர் மகள் மாசமாக இருந்தாள். முன்பு ஒருமுறை கலைந்துபோயிருந்தது. அவள் குடியிருந்த கட்டடத்து மாடியிலும் ஆண்டெனா வந்தது. அளந்து பார்த்தேன், வழக்கம்போல நாலு. அவரோ டேப்பை இழுத்துக்கொண்டே போய் எட்டில் நின்று பிரஷ்ஷை முக்கினார்.

"அண்ணே, நாலுண்ணே."

"தெரியும்டா. வாய மூடிக்கிட்டு மீட்டரப் பையில வை."

வைத்தேன். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

எதிர்க் கட்டடத்திலும் அதே ஆண்டெனாதான். அங்கே குடியிருந்த தையல்கார அம்மாள் இரண்டு கோட்டையும் பார்த்துவிட்டாள். நேரே வந்து அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க பொண்ணுக்கு எட்டு, என் புள்ளைங்களுக்கு நாலா? உபதேசமெல்லாம் ஊருக்குத்தானா?"

"நாலே போதும்மா."

"போதும்னா அங்க ஏன் எட்டு?"

அவர் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார். எனக்கு வந்த கோபமெல்லாம் அவர் மேல்தான். விஷயம் தெருவெல்லாம் பரவியது. சில மாடிகளில் வீட்டைக் காலி செய்கிறோம் என்றார்கள். சிலர், 'இஷ்டத்துக்குப் போடுற கோடுதானே' என்று கோட்டைத் தாண்டி ஆண்டெனா முகத்திலேயே கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள்.

அதைக் கண்ட பிறகுதான் அவர் தின்னரும் துணியுமாக வந்து எட்டை அழித்தார். நாலில் புதுக்கோடு போட்டார். கோடு கொஞ்சம் வளைந்தது. அது காய்ந்த பிறகு மகள் நாற்காலியோடு மூச்சு வாங்க மேலே வந்தாள்.

"அப்பா, நெசமாவே நாலு போதுமா?"

ஊருக்கெல்லாம் சொன்ன பதில்தான். அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவள் என் பக்கம் திரும்பி, "சித்தப்பா, நீங்க காட்டுங்க" என்றாள். கோட்டருகே மீட்டரைப் பிடித்துக் காட்டினேன். நிதானமாகப் பார்த்தாள். நாற்காலியைக் கோட்டுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தாள்.

"நான் உக்காந்தாச்சு. நீயும் உக்காந்து சாப்பிடுப்பா. அவங்க பாக்குறாங்க."

எதிர் மாடியில் தையல்கார அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். மகளுக்குப் பக்கத்தில் அவர் சம்மணம் போட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். எத்தனையோ மாடிகளில் சப்புக்கொட்டிச் சாப்பிட்ட மனிதர், அன்று அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வாயையும் தண்ணீர் விட்டு விழுங்கினார்.