அத்தை நிறுத்தச் சொன்ன இடம்

எனக்கு எழுத்து ஓடாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, நெல்லைப் பக்கத்திலிருந்து ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்தோம். அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்களோடு இருந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. சாயங்கால ஜெபத்தில் வேதப்புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்பது என் வேலை. இடையிடையே 'சேலா' என்று ஒரு சொல் வரும். முதல் தடவை 'சேலை' என்று வாசித்துவிட்டேன்.

"ஏட்டி, ஆண்டவர் என்ன சேலையா விக்காரு?" என்று சிரித்த அத்தை, பிறகு சொன்னாள்: "அது வந்தா வாய மூடிக்கிடணும். கண்ண மூடி, நமக்குள்ள என்ன கெடக்குன்னு பாக்கணும்."

எனக்குள் பெரும்பாலும் பசிதான் கிடந்தது. ஐந்து எண்ணிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுவேன்.

மூன்றாம் வகுப்பு படித்தபோது, ஒரு சனிக்கிழமை வேலியோரம் சொப்பு வைத்து விளையாடினோம். காட்டாமணக்குக் கொட்டையை உடைத்து, வறுத்த கடலை என்று தங்கச்சிக்குக் கொடுத்தேன். நான் மெல்வதுபோல நடித்தேன். நாலு வயது அவள், நிஜமாகவே தின்றாள். இன்னும் குடு என்றாள். கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் வாந்தி. நிற்கவே இல்லை. பக்கத்து வீட்டம்மா ஓடி வந்தாள்.

"இன்னாம்மா துன்னுச்சு கொயந்த? கண்ணு சொருவுது பாரு!"

தெருமுனையில் மருந்து கொடுத்த கம்பவுண்டரும் அதையேதான் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள்.

"சோறுதாம்மா" என்றேன். அப்பா தோலை உரித்துவிடுவார் என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் அத்தை எல்லாரையும் ஜெபத்துக்கு உட்கார வைத்தாள். மூன்றாம் சங்கீதம். இரண்டாம் வசனத்தில் சேலா. கண்ணை மூடினேன். உள்ளே கொட்டை கொட்டையாகத் தெரிந்தது. எண்ணாமலே அடுத்த வசனத்துக்கு ஓடினேன். நாலாம் வசனத்தில் மறுபடியும். அம்மா மடியில் தங்கச்சி ஓங்கரித்தாள். அவள் வாயிலிருந்து தண்ணீர்கூட வரவில்லை. ஐந்தையும் ஆறையும் ஒரே மூச்சில் வாசித்து ஏழுக்குத் தாவினேன்.

"நில்லுட்டி. ஆறுல சேலாவ விட்டுட்ட."

புத்தகத்தில் எழுத்தெல்லாம் தண்ணீரில் மிதந்தது. அத்தை கண்ணை மூடியிருந்தாள். ஐந்து எண்ணினேன், பத்து எண்ணினேன். அவள் மேலே வாசி என்று சொல்லவே இல்லை.

"காட்டாமணக்கு" என்றேன்.

அம்மாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. அப்பா அடிக்கவில்லை. தங்கச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். தின்றது இன்னதென்று தெரிந்த பிறகு ஆஸ்பத்திரியில் அதற்கேற்றபடி பார்த்தார்கள். மூன்றாம் நாள் இட்லி கேட்டாள். இப்போது பூந்தமல்லியில் முட்டிவலியோடு இருக்கிறாள்.

சேலாவை விட்டது என் தப்பு என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். அத்தை போன பிறகு ஒருநாள் அந்தச் சங்கீதத்தை நிதானமாக வாசித்தேன். இரண்டில் இருக்கிறது, நாலில் இருக்கிறது, கடைசி எட்டில் இருக்கிறது. ஆறில் இல்லை. காதால் கேட்டே மனப்பாடம் செய்தவள், தவறிச் சொன்னாளா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாளா? அவளிடம் கேட்க அன்று எனக்குத் தெரியவில்லை. இப்போது கண்ணும் மங்கல், நான் பார்த்தது சரிதானா என்று திரும்பப் பார்க்க முடியவில்லை. பழைய வேதப்புத்தகம் வைத்திருப்பவர்கள் யாராவது மூன்றாம் சங்கீதத்தின் ஆறாம் வசனத்தை ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.