ஹுவா மலையில் காலுக்கு மாட்டிய கையுறை

சீனாவுக்குப் போகவேண்டும் என்று ஆசைப்பட்டவன் நானல்ல. இத்தாலியில் நாங்கள் இருக்கிற பலேர்மோத் துறைமுகத்தில் நாப்போலிக்குப் போகிற கப்பலைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைப் பிரட்டும். பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார் படத்தில் சீனாவைத் தொடச் சொன்னபோது நான் தொட்டது ரஷ்யாவை. (இரண்டும் பெரிசுதானே.) நான் போனதற்குக் காரணம் என் மனைவி ராஜி வைத்த நேர்த்தி.

எங்கள் மகள் துளசி, சியான் நகரத்தில் சீனமொழி படிக்கிறாள். போன மாரியில் அவளுக்குக் குடல்வால் வீங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே வெட்டிவிட்டார்கள். நாங்கள் டிக்கெட் தேடி முடிப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. ராஜி நேரே மொந்தே பெல்லெகிரினோ மலைக்குப் போனாள். பலேர்மோத் தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்த மலையின் குகைக் கோயிலில் ஊரைக் காக்கிற கத்தோலிக்கப் புனித ரொசாலியா இருக்கிறா. நாங்கள் சைவக்காரர்தான், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் செருப்பைக் காரில் விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறுவோம். பிள்ளை எழும்பி நடந்தால், பிள்ளை இருக்கிற ஊர் மலையை வெறுங்காலோடு ஏறுவதாக ராஜி அங்கே நேர்ந்துவிட்டாள்.

பெல்லெகிரினோவே போதாதா என்று கேட்டுப் பார்த்தேன். அது அறுநூறு மீற்றர்தான், வீட்டுக்கும் கிட்ட.

"பிள்ளை தப்பினது அங்கை. அங்கை போய்த்தான் சொல்லவேணும்" என்றாள்.

மார்ச் கடைசியில், மொண்டெல்லோக் கடற்கரையில் சனம் கூடத் தொடங்குமுன், நான் மீன் பொரிக்கிற உணவகத்தில் லீவு கேட்டு வாங்கினேன். பலேர்மோவிலிருந்து ரோம், ரோமிலிருந்து சியான். இத்தாலியக் கடவுச்சீட்டுக்கு நாங்கள் போன நேரம் முப்பது நாள்வரை விசா தேவைப்படவில்லை. இலங்கைக் கடவுச்சீட்டோடு போகிறவர்கள் விசாவுக்கு முன்கூட்டியே விசாரியுங்கள். விமான நிலையத்தில் துளசி ஓடிவந்தாள். ராஜி அவளுடைய முகத்தைப் பார்க்குமுன் வயிற்றைப் பார்த்தாள்.

ஹுவா மலை சியானிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீற்றர். காலை 7.50 அதிவேக ரயிலில் ஏறினால் எட்டரைக்குள் போய்விடலாம். ஒருவருக்கு ஐம்பத்துநான்கு யுவான் வந்தது. ரயிலில் துளசி மலையின் கதையைச் சொன்னாள். அந்த மலையில் ஒரு தெய்வப் பெண் இருந்தாளாம். சாதாரண மனிதன் ஒருவனைக் கலியாணம் கட்டினாள். அவளுடைய அண்ணன் பெரிய தேவன், அவனுக்கு இது பிடிக்கவில்லை. தங்கச்சியைத் தூக்கி மலைக்கு அடியில் பூட்டிவிட்டான். அவளுக்குப் பிறந்த மகன் வளர்ந்து, வித்தை பழகி, கோடரி எடுத்து, மலையை இரண்டாகப் பிளந்து தாயை வெளியில் கொண்டுவந்தானாம். அவன் வெட்டிய பாறை மேற்குச் சிகரத்தில் இப்போதும் இருக்கிறது.

"அண்ணன்காரனுக்கு என்ன குத்திச்சுதாம்? எங்கடை ஆக்கள் மாதிரித்தான் அங்கையும்" என்றாள் ராஜி. அதோடு ஏறவேண்டிய சிகரம் மேற்குத்தான் என்று முடிவாகிவிட்டது.

அடிவாரத்து வரவேற்பு நிலையத்தில் நுழைவுச்சீட்டு 160 யுவான். வடக்குப் பக்கத்துக்குப் பஸ் 20, கேபிள் கார் 80. சங்கிலியைப் பிடித்து ஏற நூல் கையுறை வேண்டுமென்று ஒரு கடைக்காரி விடாமல் சொன்னதில் மூன்று சோடி வாங்கினேன். உள்ளங்கையில் ரப்பர் பொட்டு வைத்த வகை. பிறகு எங்கள் ஊர்ப் பழக்கப்படி நானும் ராஜியும் சப்பாத்தைக் கழற்றி, பைகளோடு பெட்டகத்தில் வைத்துப் பூட்டினோம். துளசி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"பஸ்தா, காணும் அப்பா, இது பெல்லெகிரினோ இல்லை."

"மலை எண்டா மலைதான் பிள்ளை" என்று நான் பெரிய மனிதனாகச் சொன்னேன். அந்த வசனத்தை, கேபிள் காரில் போய் வடக்குச் சிகரத்தில் இறங்கி, முதல் கல்லில் கால் வைத்த உடனேயே திரும்ப வாங்கிக்கொண்டேன். முதல்நாள் மழை பெய்திருந்தது. குளிர்பெட்டியில் உறைந்த மீனை மிதித்த மாதிரி இருந்தது அந்தக் கல்.

ஆனால் மலை! வெள்ளைக் கருங்கல் நேரே வானத்துக்குப் போகிறது. அதன் வெடிப்புகளில் பைன் மரங்கள் எப்படித்தான் பிடித்து நிற்கின்றனவோ. கீழே முகில், நாங்கள் மேலே. படிகளின் இருபக்கமும் சங்கிலி, சங்கிலி நிறையப் பூட்டுகள், சிவப்பு நாடாக்கள். குடும்பம் சுகமாக இருக்கவேண்டுமென்று பூட்டைக் கொழுவிச் சாவியைப் பள்ளத்தில் எறிவார்களாம். எதிரே வந்தவர்கள் எங்கள் கால்களைப் பார்த்து நின்றார்கள். சப்பாத்தைத் தொலைத்துவிட்டோம் என்று நினைத்து ஒரு பெடியன் தன்னுடையதைக் கழற்றத் தொடங்கிவிட்டான். துளசி மன்னிப்புக் கேட்டுக்கேட்டே களைத்துப்போனாள்.

ஒடுங்கிய மலைமுதுகு ஒன்றில் படிகள் தொடங்கும் இடத்தில் காவலுக்கு நின்ற அம்மா எங்களை மறித்தார். கல் ஈரம், வெறுங்காலோடு விடமுடியாது, காலுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு வாருங்கள் என்றார். சப்பாத்து அடிவாரத்தில் பூட்டிக் கிடந்தது. இறங்கி எடுத்துவந்தால் அன்றைக்கு ஏறமுடியாது. எடுத்து வந்தாலும் நேர்த்தி போய்விடும். ராஜி படியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"பிள்ளைக்கெண்டு நேந்தது. அரைவாசியிலை விட்டிட்டுப் போனா நான் இனி நித்திரை கொள்ளமாட்டன்."

துளசி அந்த அம்மாவிடம் கனநேரம் கதைத்தாள். ஒரு கட்டத்தில் தன் வயிற்றின் வலப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். அந்த அம்மாவின் முகம் இளகியது, தலை மட்டும் இல்லையென்றே ஆடியது. ராஜியைக் கொஞ்சம் சிரிக்கவைக்கலாமென்று நான் ஒரு கையுறையை எடுத்து என் காலில் மாட்டினேன். பெருவிரல் தனக்குரிய இடத்தைக் கண்டுபிடித்தது. மற்ற நான்கும் ஒரே இடத்தில் நெருக்கியடிக்க, வெறும் துணி விரல்கள் முன்னால் தொங்கின. வாத்துக் கால்.

காவல் அம்மா குனிந்து பார்த்தார். ரப்பர் பொட்டை விரலால் அமத்தினார். என்னை ஈரக் கல்லில் ஊன்றி நிற்கச் சொன்னார். வழுக்கவில்லை. சிரித்துக்கொண்டே கையை மேலே காட்டினார்.

இப்போது ராஜி யோசிக்கத் தொடங்கினாள். தெய்வத்தை ஏய்க்கிற மாதிரி வந்துவிடுமோ? ஆக மூன்று நிமிடம் இருக்கும், எனக்கு மூன்று மணித்தியாலம். "கையுறை கைக்குத்தானே. செருப்பில்லை" என்று தீர்ப்புச் சொன்னாள். பக்கத்தில் பூட்டு விற்றவர் கையுறை கழலாமல் கட்ட நான்கு சிவப்பு நாடா நீட்டினார். அதில் சீன எழுத்து இருந்தது. சுகத்துக்கான வாழ்த்து என்றாள் துளசி. எழுத்துள்ளதைக் காலில் கட்டமாட்டேனென்று ராஜி மறுக்க, அவர் தேடி வெறும் நாடா எடுத்துக் கொடுத்தார். வாழ்த்துள்ளதில் ஒன்றை ராஜி துளசியின் கையில் கட்டினாள்.

மீதி இருந்த ஒரு சோடி துளசிக்கு. நான் வெறுங்கையோடு குளிர்ந்த இரும்பைப் பிடித்து, துணி விரல்கள் படபடக்க ஏறினேன். அன்று என்னைப் படமெடுத்தவர்கள் மலையை எடுத்தவர்களைவிட அதிகம்.

பிற்பகல் இரண்டு மணிக்கு மேற்குச் சிகரம், 2082 மீற்றர். கோடரியால் பிளந்த பாறை, பாண் வெட்டிய மாதிரி நேராகப் பிளந்து கிடக்கிறது. ராஜி அந்தப் பிளவில் கை வைத்துக் கண்ணை மூடினாள். பிறகு அதே கையைத் துளசியின் வயிற்றில், வெட்டின இடத்தில் வைத்தாள்.

"அம்மா, ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்."

 என் கால்களும் நேர்த்தியை முடித்துவிட்டன என்று பகிடியாகச் சொன்னேன். ராஜி திரும்பிப் பார்த்தாள்.

"உங்களை ஆர் சப்பாத்துக் கழட்டச் சொன்னது? நான் எனக்கு மட்டும்தானே நேந்தனான்."

"அப்ப கீழை வைச்சே சொல்லியிருக்கலாமே?"

"நீங்களும் பிள்ளைக்கெண்டு நேந்திருக்கிறீங்களாக்கும் எண்டு பேசாமல் விட்டனான்."

நான் ஒன்றும் நேரவில்லை, ஆனாலும் தலையாட்டினேன். இனிமேல் நேர்ந்ததாகவே இருக்கட்டும்.

போகிறவர்களுக்கு: வடக்கால் ஏறி மேற்கால் இறங்குங்கள். மேற்குக் கேபிள் காருக்கு 140 யுவான், பஸ்ஸுக்கு 40, விலைகள் மாறலாம். கடைசிக் கேபிள் கார் நேரத்தைக் கேட்டுக்கொண்டு மேலே போங்கள். தண்ணீரைக் கீழேயே வாங்குங்கள். நேர்த்தி இருந்தாலும் சப்பாத்தைப் பையில் கொண்டுபோங்கள். கையுறை ஆளுக்கு இரண்டு சோடி. கணவன்மார், யார் பேரில் நேர்த்தி என்று வீட்டிலேயே கேட்டுவிடுங்கள்.

நான் கேட்காததில் ஒரு நன்மையும் இருந்தது. பாதம் முழுக்கக் கொப்புளம். சியானில் நின்ற மிச்ச நாளெல்லாம் துளசி வகுப்பு முடிந்ததும் எங்கள் அறைக்கு வந்து, என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து மருந்து பூசினாள். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்களால் செய்ய முடியாமல் போனதை எங்களுக்குச் செய்தாள். நோ குறைந்த பிறகும் நான் இரண்டு நாள் நொண்டினேன்.