மொட்டை மாடியில் கிடைத்த பதில்கள்

கே.கே. நகர் ஆர்ச்சைத் தாண்டி வெகுதூரம் நடந்த பிறகுதான் வேலையை விட்டுவிட்டேன் என்பது எனக்கே உறைத்தது. மத்தியானம் மூன்று மணி வெயில். பஸ் ஏறியிருக்கலாம். ஏறினால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் அவன் முகம் ஞாபகத்துக்கு வரும். அதனால் நடந்தேன்.

ஆபீஸில் நாங்கள் மூன்றே பேர். ஒரு செயலியை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு, அதைச் செய்த கம்பெனிக்குச் சொல்வது எங்கள் தொழில். தெருவில் கேட்பவன் நான். அறிக்கை எழுதுவது மேடம். மூன்றாவது ஆள் ஆறு மாதத்துக்கு முன் சேர்ந்தவன். பசுமலைக்காரன், அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார், கையில் எம்.எஸ்சி. நான் ஒன்பதாவதில் நின்று, திருப்பூர், சூரத் என்று பத்து ஊரில் பத்து வேலை பார்த்துவிட்டு மதுரைக்குத் திரும்பியவன். அவன் இஸ்திரி போட்ட சட்டைகூட எனக்குப் பிடிக்காது.

டாக்டரைப் பார்க்க நேரம் குறிக்கும் ஒரு செயலியைப் பற்றி நோயாளிகளிடம் கேட்கச் சொல்லி ஒரு கிளினிக் எங்களிடம் வந்தது. ஒரே நிபந்தனை: அவர்கள் சொல்லும் பதில்கள் வெளியாள் கம்ப்யூட்டருக்குப் போகக்கூடாது. அதுவரை இணையத்தில் மாத வாடகைக்கு எடுத்த சர்வே படிவம்தான் வைத்திருந்தோம். இனி எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே ஓடுகிற, அதன் நிரலை நாமே திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ளக்கூடிய இலவச சர்வே மென்பொருள் வேண்டும். ஆளுக்கொன்று தேடி ஓட வைத்துக் காட்டுங்கள், அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் ஆபீஸிலேயே உட்கார வேண்டியிருக்கும் என்றார் மேடம். என் மென்பொருள் ஜெயித்தால் அந்த ஒருவர் நான்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். வெயிலில் அலைந்தது போதும் என்றிருந்தது.

ஆபீஸ் திறக்கும் முன்பே போய், வீடியோ பார்த்துப் பார்த்து, ஒரு பழைய கம்ப்யூட்டரில் பதினோரு நாளில் ஒன்றை ஓட வைத்தேன். அவன் வேறொன்றை ஒரே மத்தியானத்தில் ஓட வைத்தான். வைத்துவிட்டு என்னிடம் வந்து, “அண்ணே, இம்புட்டையும் யார்கிட்டயும் கேக்காமலா பண்ணீங்க?” என்று வியந்தான். ஏளனமாகக் கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

என்னுடையது பதில்களைப் போனிலேயே வைத்திருந்து, சிக்னல் வரும்போது அனுப்பும். அவனுடையதற்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் சிக்னல் வேண்டும். “ரெண்டையும் ஒரே தெருவுல போட்டுப் பாத்துருவோம் மேடம்” என்றேன். பழங்காநத்தத்தில், அந்தக் கிளினிக்குக்குப் போகிறவர்கள் நிறைய இருக்கும் ஒரு சந்தின் பெயரைச் சொன்னேன். அங்கே டவர் எடுக்காது என்பது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

நினைத்தபடியே நடந்தது. நான் வாசலில் நின்று கேட்கக் கேட்க, மருமகள்கள் பதில் சொன்னார்கள், மாமியார்கள் பின்னால் நின்றார்கள். எதிர்ப்பக்கம் அவன் போனில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“என்னப்பா, படிச்ச புள்ள போனு படுத்துருச்சா?” என்று ஒரு மாமியார் கேட்டார்.

“இல்லம்மா, முழிச்சுக்கிட்டுதான் இருக்கு. பேசத்தான் மாட்டேங்குது” என்றான் அவன். சந்தே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு காரணத்துக்காக.

அந்த வீட்டு மருமகள் கை நீட்டினாள். “மொட்டை மாடில டவர் எடுக்கும். குடுங்கண்ணே, நானே போய்ப் போட்டுட்டு வாரேன்.”

அவன் யோசிக்காமல் போனைக் கொடுத்துவிட்டான். நான் இந்த நான்கு வருடத் தெரு வேலையில் ஒருவர் கையிலும் என் போனைக் கொடுத்ததில்லை. அடுத்த வீட்டுக்காரியும் அப்படியே ஏறினாள், அதற்கடுத்தவளும். முழங்கால் வலியுள்ள மாமியார்கள் கீழேயே நின்றார்கள்.

மறுநாள் மேடம் நாங்கள் இருவரும் கொண்டுவந்த பதில்களைப் படித்தார். என் பதில்கள் அத்தனையும் ‘நல்லா இருக்கு’, ‘பரவாயில்லை’. அவனுடையதில் ஒன்றை உரக்கப் படித்தார்: “போன் அத்தைகிட்டதான் இருக்கும். என்ன செய்யுதுன்னு அவங்ககிட்ட சொன்னாத்தான் டாக்டருக்குக் குறிக்க முடியும். அதுக்குப் பதிலா மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக்குவேன்.” அதுபோல இன்னும் ஏழெட்டு. அந்தச் சந்துக்குப் பலமுறை போனவன் நான், அந்தப் பெண்கள் எல்லோரையும் எனக்கு முகம் தெரியும். ஒருத்திகூட என்னிடம் சொன்னதில்லை.

“உங்க மென்பொருளையே வச்சுக்குவோம்” என்றார் மேடம். “சிக்னல் இல்லாமலும் ஓடுது. ஆனா கம்ப்யூட்டர் பொறுப்பை, ஒரே மத்தியானத்துல ஓட வச்ச தம்பி பாத்துக்கட்டும். நீங்க எப்பவும்போல பீல்டுக்குப் போங்க.”

“மேடம், இது அண்ணன் போட்டது. அவரே இருக்கட்டுமே” என்றான் அவன்.

அவன் வாயால் கேட்டு எனக்குக் கிடைக்க வேண்டாம். வாரேன் என்று சொல்லாமல், “போறேன் மேடம்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வைகைப் பாலத்தில் ஏறும்போது அவன் கூப்பிட்டான்.

“அண்ணே, அந்த அட்மின் பாஸ்வேர்டு மட்டும்...”

“மறந்துபோச்சு.”

“பரவால்லண்ணே. அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுக்கிறேன். ஒரு மணி நேர வேலைதான்.”

என் பதினோரு நாள் அவனுக்கு ஒரு மணி நேரம். அழித்துவிட்டால் அங்கே நான் போட்டது என்று ஒன்றுமே மிஞ்சாது. பாலத்து ஓரமாக நின்று, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவன் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டான்.

“அந்தச் சந்துல டவர் எடுக்காதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாண்ணே?”

“தெரியும்.”

திட்டுவான் என்று காத்திருந்தேன். “நல்லவேளை அங்க கூட்டிட்டுப் போனீங்க” என்றான். கேலியாகத் தெரியவில்லை. நான்தான் போனை வைத்தேன்.

மறுநாள் காலை ரிங் ரோட்டில் ஒரு டைல்ஸ் குடோனில் பெட்டி இறக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். இதற்கு முன்னால் என்ன பார்த்தாய் என்று மேஸ்திரி கேட்டார். “தெருத்தெருவாச் சுத்துனேண்ணே” என்றேன். துண்டை நாலாக மடித்துத் தோளில் போடச் சொல்லி, லாரியின் பின்கதவைத் திறந்துவிட்டார்.