நூற்றுப்பத்தில் நின்ற முள்

அறுபதுகளின் தொடக்கத்தில், தென்காசியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. குற்றாலத்தில் சீசன் நேரம். சாரல் எங்கள் தெரு வரைக்கும் அடித்து, வீட்டுத் தரை ஈரம் காயாமல் கிடந்தது.

ராத்தா என்று நான் கூப்பிடும் என் அக்காவின் மாப்பிள்ளை அரபு நாட்டில் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்தவர். மாரடைப்பில் அவர் மௌத்தாகிவிட, அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள். கடைசியாக முகம் பார்க்கக்கூட ராத்தாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவரோடு இருந்த ஒருவர் ஊர் திரும்பியபோது அவருடைய டேப் ரிக்கார்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். ராத்தாவுக்கு அனுப்புவதற்காக மச்சான் பேசிவைத்த நாடா அதில் அப்படியே இருந்தது. அந்தக் குரலை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று ராத்தா சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள்.

அது நூற்றுப்பத்து வோல்ட் மிஷின். நம் ஊர் கரண்டில் நேராகச் சொருகினால் கருகிவிடும். இலஞ்சியிலிருந்து ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரரை வரவழைத்தோம். வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். திருகுவதற்கு ஒரு குமிழ், அளவு காட்ட ஒரு முள்.

ராத்தாவோ இத்தாவில் இருந்தாள். புருஷன் இறந்தபின் அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாத மாதங்கள். வீட்டில் பிளக் இருந்ததும், வாசலில் திரை தொங்கிய அவள் அறையில் மட்டும்தான்.

"டெஸ்டர் வச்சு ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துருதேன் அண்ணாச்சி. மிஷின் பாடியில கரண்டு ஏறுதான்னு பாக்கணும்" என்று அவர் எங்கள் சித்தப்பாவான சாச்சாவிடம் கெஞ்சினார்.

"இத்தா இருக்க ரூமு. ஆம்பிளை காலு படக்கூடாது. அங்கன நின்னே சொல்லும்வே" என்றுவிட்டார் சாச்சா. கரண்டு என்ன, திரை பார்த்தா வரும்? அன்றைக்கு எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

அவர் திரைக்கு வெளியே நின்று சொல்லச் சொல்ல, உள்ளே தங்கச்சி நான் செய்தேன். மிஷினைப் பெட்டியில் சொருகி, பெட்டி ஒயரின் இரண்டு நுனியையும் சுவர் பிளக்கின் ஓட்டைகளில் விட்டு, எல்லா வீட்டிலும் செய்வதுபோல் தீக்குச்சி செருகி இறுக்கினேன். குமிழைத் திருகினேன். முதலில் குரல் இழுத்து இழுத்து, யாரோ போல வந்தது. முள் நூற்றுப்பத்தைத் தொட்டதும் மச்சானே பேசினார்.

"ஏட்டி, சத்தம் கேக்குதா?"

அஸர் தொழுகைக்கு ஒளு செய்துவிட்டு வந்திருந்தாள் ராத்தா. ஈரக் கை, ஈரக் கால். அப்படியே தரையில் உட்கார்ந்து டேப் ரிக்கார்டரின் இரும்புக் கூட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உடம்பு குலுங்கியதைப் பார்த்து அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். பல் கிட்டி, கண் நிலைகுத்தியதும் அலறிக்கொண்டு அவளை இழுக்கப் போனேன்.

திரை அறுந்து விழுந்தது. உள்ளே பாய்ந்த ரிப்பேர்க்காரர் என்னைத் தள்ளிவிட்டு ஒயரைப் பிடுங்கி எறிந்தார். மச்சானின் குரல் நின்றது. ராத்தா சரிந்தாள். உயிர் இருந்தது, உள்ளங்கைகள் வெந்திருந்தன.

சாச்சா கத்த ஆரம்பித்தார். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு உம்மாவிடம், "உங்க மவ மொகத்தப் பாக்கலம்மா. ஒயரத்தான் பாத்தேன்" என்றார்.

உம்மா சாச்சாவைப் பார்த்து, "அந்தப் புள்ள உள்ள வரலேன்னா இந்நேரம் இந்த வீட்டுல இன்னொரு மௌத்து ஆயிருக்கும்" என்றாள். அதற்குப் பிறகுதான் சாச்சா வாயை மூடினார். அந்த மனிதருக்கு ஒரு வாய் தண்ணீர்கூட நாங்கள் கொடுக்கவில்லை. நினைத்தால் இப்போதும் கூசுகிறது. மிஷினை உம்மா மறுபடி போட விடவே இல்லை.

இத்தா முடிந்த பிறகு ஒருநாள் ராத்தாவிடம், ஏன் ஒரு சத்தம்கூடப் போடவில்லை என்று கேட்டேன்.

"தொட்டதுமே கையில சுர்ருன்னுச்சு. அப்ப எடுத்திருக்கலாம். கைய எடுத்தா அவுக பேச்சு நின்னுருமோன்னு இருந்துச்சுட்டி" என்றாள்.

கரண்டைவிட அந்தப் பதில்தான் எனக்கு இன்றுவரை பயம். துக்கத்தில் இருப்பவளை அதிலேயே விட்டுவிட்டால் அவள் எதைப் பிடித்துக்கொள்வாள் என்று யாராலும் சொல்ல முடியாது.