புரட்டாதிச் சனியில் ஒரு செய்முறைப் பரீட்சை

பெற்றோலுக்கு வரிசையில் நின்று நின்றே எல்லோரும் களைத்துப்போயிருந்த அந்த வருடத்தின் புரட்டாதி மாதம். நடந்த இடம் பண்டத்தரிப்பில் இருக்கும் எங்கள் வீடு. இன்னும் சரியாகச் சொன்னால், எங்கள் வீட்டின் கொங்கிறீற் தட்டும் (மொட்டைமாடி என்றும் சொல்வார்கள்), அதற்கு நேர் கீழே என் மேசையும். இதை யாருக்குச் சொல்லத் தொடங்கினாலும் எனக்குக் குரல் தானாக உயர்ந்துவிடும். எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் புதுப்பிக்கத்தக்க சக்தி பற்றிக் கற்பிப்பது என் வேலை. வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் எடுப்பது எப்படி என்ற பாடம். கொரோனாவால் ஏற்கனவே பிந்திப்போன பிள்ளைகள். இனியாவது வகுப்புக்கு வரலாம் என்று அவர்கள் பையைத் தூக்கிய நேரம் பார்த்து, பஸ்ஸும் இல்லை, பெற்றோலும் இல்லை. விரிவுரையை சூமில் நடத்திவிடலாம். செய்முறையை எங்கே கொண்டுபோய் நடத்துவது?

அதற்காகத்தான் எங்கள் வீட்டுத் தட்டில் ஒரு தொலைநிலை ஆய்வுகூடம் அமைத்தேன். பெயர்தான் பெரியது. அங்கே இருந்தது ஒரு சின்ன சோலார் பனல், அதை நிமிர்த்தவும் சரிக்கவும் ஒரு மோட்டார், வெயிலையும் மின்னோட்டத்தையும் வெப்பத்தையும் அளக்கும் கருவிகள், ஒரு கமெரா, அவ்வளவுதான். மாணவர் தன் வீட்டில் இருந்துகொண்டு தொலைபேசியில் ஒரு பொத்தானை அமர்த்தினால், பண்டத்தரிப்பில் பனல் தலையை நிமிர்த்தும். சுன்னாகத்தில் இருந்த மாணவன் ஒருவன் முதல் முறை அதை அசைத்தபோது நான் தட்டில் நின்று கைதட்டிக் கத்தினேன். "பிள்ளை, வெயிலுக்கை நிண்டு ஆரோடை கதைக்கிறாய்?" என்று கீழே இருந்து மாமி கேட்டார். மாமி என்றால் என் கணவரின் அம்மா.

ஆனால் இந்தச் செய்முறைக்குப் புள்ளி வழங்க இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. கொழும்பில் இருக்கும் ஒரு பேராசிரியர் ஒருநாள் இணையத்தில் வந்து பார்த்து, இது உண்மையான செய்முறைதான் என்று சொல்ல வேண்டும். அவர் மறுத்தால், போக்குவரத்துச் சீராகும் வரை எல்லாம் தள்ளிப்போகும். மற்றப் பிள்ளைகளுக்கு அது இன்னொரு தாமதம். நெடுந்தீவில் இருந்த ஒரு மாணவிக்கு அது முடிவு. வள்ளத்துக்கு எண்ணெய் இல்லாமல் அவள் தீவிலேயே அகப்பட்டிருந்தாள்.

"மிஸ், இந்த முறையும் தள்ளிப்போச்செண்டால் நான் வரமாட்டன். வீட்டிலை வேலைக்குப் போகச் சொல்லியாச்சு. அவையளோடை சண்டை பிடிக்க எனக்கு இனித் தெம்பில்லை" என்று அவள் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. என் வகுப்பில் கேள்வி கேட்கிற பிள்ளை அவள். மற்றவர்கள் விடையைக் கேட்பார்கள், இவள் ஏன் அப்படி என்று கேட்பாள்.

பேராசிரியர் ஒரு சனிக்கிழமை மத்தியானத்தைக் குறித்தார். வெயில் உச்சியில் நிற்கும் நேரம், இதைவிட நல்ல நேரம் ஏது என்று நான் உடனே ஓம் சொல்லிவிட்டேன். மாமிதான் கலண்டரைப் பார்த்துவிட்டு வந்தார். "பிள்ளை, அண்டைக்குப் புரட்டாதிச் சனியெல்லே?"

எனக்குத் தலை சுற்றியது. புரட்டாதிச் சனி என்றால் எங்கள் பக்கத்தில் தெரியும்தானே. கோயிலில் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்து, விரதம் இருந்து, மரக்கறி சமைத்து, முதலில் காகத்துக்குச் சோறு வைக்க வேண்டும். காகம் எடுக்கும் வரை வீட்டில் ஒருவரும் வாய் நனைக்க முடியாது. ஊரில் உள்ள எல்லா வீட்டிலும் இதே கதை என்பதால் அன்றைக்குக் காகங்களுக்கு மாப்பிள்ளை மரியாதை. எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று அவற்றுக்கே திண்டாட்டம். எங்கள் வீட்டில் காகத்துக்குச் சோறு வைக்கிற இடமோ, காலம் காலமாக அதே கொங்கிறீற் தட்டு.

"மாமி, அண்டைக்கு மட்டும் பின் மதிலிலை வையுங்கோ. மேலை ஆரும் போகக் கூடாது" என்று சட்டம் போட்டேன்.

"காகம் மதிலுக்கு வருமோ? அதுக்கு மேலைதானே பழக்கம்."

"ஒருநாளைக்குப் பழகட்டும் மாமி."

மாமி ஒன்றும் சொல்லவில்லை. மாமி ஒன்றும் சொல்லாவிட்டால் அது சம்மதம் அல்ல என்பது இந்த வீட்டுக்கு வந்த புதிதிலேயே நான் படித்துக்கொண்ட பாடம்.

அந்தச் சனிக்கிழமை கணவர் பெற்றோல் வரிசையில். நான் வெறும் வயிற்றோடு லப்டொப்பின் முன். மாமி கொல்லைப்புறத்தில் "கா... கா..." என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார். நான் பேசாத நேரமெல்லாம் மைக்கை அமர்த்தி வைத்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக இணைந்தார்கள். நெடுந்தீவுப் பிள்ளை சிக்னல் கிடைக்கும் இடம் தேடிக் கடற்கரைக்குப் போயிருந்தாள். அவள் வாய் திறந்தால் முதலில் காற்றுத்தான் பேசியது.

தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே இணையம் மந்தமாகி, கமெராப் படம் அசையாமல் நின்றுவிட்டது. இலக்கங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

"படம் ஏன் அசையேல்லை?" என்று பேராசிரியர் கேட்டார்.

"சிக்னல் குறைவு சேர். அளவீடு எல்லாம் வருது."

"உது நல்ல வசதி. அளவீடும் நேற்றையதோ?" அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் பகிடிக்குக் கேட்கவில்லை. "நான் உங்களைக் குறை சொல்லேல்லை. ஆனா முந்தியே எடுத்து வைச்ச இலக்கத்தைப் பிள்ளையளுக்குக் காட்டினாலும் இப்பிடித்தான் இருக்கும். உண்மையான ஆய்வுகூடம் எண்டால் ஏதாவது ஒண்டு பிழைக்க வேணும். அப்ப பிள்ளையள் என்ன செய்யினம் எண்டதைத்தான் நான் பாக்க வேணும்."

எனக்கு முகம் சுட்டது. என்ன சொல்லி இவரை நம்பவைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, திரையில் மின்னோட்டம் தொப்பென்று விழுந்தது. சற்று நேரத்தில் எழும்பியது. மறுபடி விழுந்தது.

வெயில் அளவு இம்மியும் அசையவில்லை. அப்படியானால் முகில் அல்ல. இன்றைக்குத்தானா இந்தப் பனல் என் காலை வார வேண்டும்? மேலே ஓடிப் பார்ப்பதற்காகக் கதிரையைத் தள்ளினேன்.

"இருங்கோ, இருங்கோ," என்றார் பேராசிரியர். முதல் முறையாக அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்கள் போய்ப் பாக்கக் கூடாது. பிள்ளையள் கண்டுபிடிக்கட்டும். அங்கை நிக்காமலே கண்டுபிடிக்கிறதுதானே உங்கடை ஆய்வுகூடம்?"

இருந்தேன். கைகள் இரண்டையும் மேசைக்குக் கீழே பிடித்துக்கொண்டேன்.

"வயர் லூஸ் மிஸ்!" என்றான் சுன்னாகத்து மாணவன்.

"வயர் கழண்டால் முழுக்க நிக்கும். இது பாதியிலையெல்லே நிக்குது," என்று காற்று இரைச்சலுக்குள் இருந்து ஒரு குரல். நெடுந்தீவு! "மிஸ், நான் ஒருக்கா முழு வரைபையும் எடுத்துப் பாக்கட்டோ?"

அவள் பொத்தானை அமர்த்தினாள். மின்னோட்டமும் வோல்ற்றளவும் சேர்ந்த வரைபு மெல்ல மெல்ல எங்கள் எல்லோருடைய திரையிலும் விரியத் தொடங்கியது. வழமையாக அது சமதரையில் நடப்பதுபோல வந்து, கடைசியில் கீழே இறங்கும். அன்று நடுவில் ஒரு படி விழுந்தது, வீட்டு வாசற்படி மாதிரி அவ்வளவு தெளிவாக. நான் என்னை அறியாமல் "ஆ!" என்றேன். பனலின் ஒரு மூலையில் மட்டும் நிழல் விழுந்தால்தான் அப்படி வரும். பனலுக்குள் இருக்கும் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. பெற்றோல் வரிசையில் முன்னுக்கு நிற்கிறவர் அசையாவிட்டால் பின்னுக்கு நிற்கிறவர்கள் கதி என்னவோ, அதுதான் நிழல் விழுந்த கலத்துக்குப் பின்னால் நிற்கும் மின்சாரத்தின் கதியும்.

"நிழல்தான்," என்றாள். "ஆனா என்ன நிழல்? பனைமர நிழல் எண்டால் உச்சி வெயிலிலை விழாது. விழுந்தாலும் இப்பிடி வந்து வந்து போகாது." பிறகு கொஞ்ச நேரம் காற்று மட்டும் இரைந்தது. போய்விட்டாளோ என்று நான் பதறினேன். "மிஸ்... இண்டைக்குப் புரட்டாதிச் சனியெல்லே? உங்கடை வீட்டிலை காகத்துக்குச் சோறு வைச்சாச்சோ?"

சூமில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"சிரிக்காதையுங்கோ," என்றாள் அவள். "பனல் இப்ப சாப்பாட்டுத் தட்டு மாதிரிப் படுத்துத்தானே கிடக்கு. நான் அதை நிமிர்த்திப்போட்டுத் திருப்பிப் படுக்க வைக்கிறன். காகமெண்டால் நிண்டு பிடிக்க ஏலாது."

நெடுந்தீவுக் கடற்கரையில் அவள் விரல் அமர்த்தியது. என் தலைக்கு மேலே மோட்டார் முனகியது. நான் மைக்கைத் திறந்துவிட்டேன். ஒரு கணம் ஒன்றுமில்லை. அடுத்த கணம் சடசடவென்று இறக்கை அடிக்கும் சத்தம், அதற்குப் பின்னால் கோபமாக ஒரு "கா!" யன்னல் வழியாக வந்து, என் மைக்குக்குள் புகுந்து, கொழும்பு வரை போனது.

பனல் திரும்பவும் படுத்தது. மின்னோட்டம் எழும்பியது, ஆனால் பழைய உயரத்துக்கு ஒரு பொட்டுக் குறைவாக நின்றது.

"இன்னும் முழுசா வரேல்லையே?" என்று பேராசிரியர் கேட்டார்.

"சோறு ஒட்டிக்கிடக்கும் சேர்," என்றாள் அவள்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அவருக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. "இப்ப போய்ப் பாருங்கோ," என்றார்.

தொலைபேசியில் சூமைத் திறந்துகொண்டு படிகளில் பறந்தேன். பனலின் கண்ணாடியில், பருப்பும் எள்ளும் குழைந்த சோறு அப்படியே அப்பிக்கிடந்தது. காகம் தண்ணீர்த் தாங்கியின் மேல் இருந்து, சாப்பாட்டு மேசையைக் கவிழ்த்தவளைப் பார்ப்பதுபோல என்னை முறைத்தது. எட்டிக் கீழே பார்த்தேன். மதிலில் புதிதாக ஓர் இலையில் சோறு வைத்து, மாமி இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பளம் பொரிக்க அவர் உள்ளே போய்விட்டு வந்து பார்த்தால், முன்பு வைத்த இலை மதிலுக்கு வெளியே விழுந்து கிடந்ததாம். நாய்தான் இழுத்துவிட்டது என்று நினைத்தாராம். காகம் சோற்றைக் கௌவிக்கொண்டு, தனக்குப் பழகிய இடத்துக்கு வந்து ஆறுதலாகச் சாப்பிட்டிருக்கிறது!

"மிஸ், கீழை நிக்கிற அம்மாட்டைச் சொல்லுங்கோ," என்று என் கையில் இருந்த தொலைபேசியில் அவள் குரல் கேட்டது. "காகம் எடுத்திட்டுது. இனி நீங்கள் எல்லாரும் சாப்பிடலாம்."

நான் அதைக் கத்திச் சொன்னேன். மாமி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். "எட, எனக்குத் தெரியேல்லை, நெடுந்தீவிலை இருக்கிற பிள்ளைக்குத் தெரியுது!" என்றவர், அடுத்த மூச்சிலேயே, "நான் சொன்னனான்தானே, அதுக்கு மேலைதான் பழக்கமெண்டு" என்றும் சொன்னார்.

அனுமதி அன்றைக்கே கிடைத்துவிட்டது. "காகத்தை ஒருத்தரும் முந்தியே எடுத்து வைக்க ஏலாது," என்று பேராசிரியர் சொன்னபோது நான் தட்டிலேயே குந்தியிருந்து அழுதுவிட்டேன். பிறகு கீழே போய் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அவள் படிப்பை விடவில்லை. வள்ளங்கள் பழையபடி ஓடத் தொடங்கிய பிறகு ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் மேலே போகலாமா என்று கேட்டாள். மாதக்கணக்காக அவள் நிமிர்த்தியும் சரித்தும் பழகிய பனலுக்கு முன்னால் நின்று, "இவ்வளவு சின்னதோ மிஸ்?" என்றாள். உள்ளங்கையை மெதுவாக அதன்மேல் வைத்தவள் உடனே இழுத்துக்கொண்டு, "சுடுது!" என்று சிரித்தாள். அதன் வெப்பத்தை இலக்கமாக எத்தனையோ தடவை எனக்குச் சொன்ன பிள்ளை. நானும் சிரித்தேன்.

இப்போதெல்லாம் நிழல் பற்றிய செய்முறையைப் புரட்டாதிச் சனி மத்தியானத்தில்தான் வைக்கிறேன். மாமியின் இலை பழையபடி தட்டுக்கே போகிறது, பனலுக்குப் பக்கத்தில், என் பூரண சம்மதத்தோடு. எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகள் திரையைப் பார்த்தபடி காத்திருப்பார்கள், மாமி படியடியில் காத்திருப்பார். மின்னோட்டம் விழுந்ததும் யாராவது ஒருவர் "காகம் வந்திட்டுது" என்று எழுதுவார், நான் அதை மாமிக்குக் கத்திச் சொல்வேன்.

அந்த முதல் புரட்டாதிச் சனி வரை, தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு நான்தான் ஏதோ அனுப்பிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்; கடலுக்கு அப்பால் காற்றுக்குள் நின்ற ஒருத்தி எங்கள் வீட்டு விரதத்தை முடித்துவைத்த அந்த மத்தியானத்துக்குப் பிறகு, எந்தப் பிள்ளையும் தூரத்தில் இருப்பதாக என்னால் நினைக்க முடிவதில்லை.