பூனைப்பருந்துக்கு இரண்டாம் சாட்சி

நசுருல்லா சேலத்தில் தார்ப்பாய்க் கடை வைத்திருப்பவர். ஐப்பசி பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஜருகுமலை வளைவில் போய் நின்றுவிடுவார். குளிருக்குத் தப்பி வடக்கேயிருந்து வரும் பூனைப்பருந்துகள் அந்த வளைவைத் தாண்டித்தான் பனமரத்துப்பட்டி ஏரிப் பக்கம் இறங்கும்.

கூடவே வருபவர் வேன் ஓட்டும் கருப்பண்ணன். அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் பார்த்தால் போதாது. மற்றவரும் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பறவை வரவே இல்லை என்றுதான் கணக்கு. இதில் கருப்பண்ணன் பொல்லாதவர். நசுருல்லா ஆசையாகக் கைநீட்டினால், கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இல்லீங்க பாய், அது நம்மூர்ப் பருந்து" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

போன ஆடியில் கருப்பண்ணன் மாரடைப்பில் போய்விட்டார்.

இந்த ஐப்பசியில் நசுருல்லா தனியாக மலை ஏறினார். முதல் பூனைப்பருந்து வந்ததும் பழக்கத்தில், "அண்ணே, வந்துருச்சு" என்றார்.

"ஆமாங்க பாய்" என்று தோளுக்குப் பின்னால் கேட்டது.

திரும்பினார். பாறைதான் இருந்தது. வயசாகிவிட்டது உனக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஆனாலும் அந்தக் குரலை இன்னொரு தரம் கேட்காமல் இறங்க மனமில்லை. வெகுநேரம் ஒரு பறவையும் வரவில்லை. பொறுக்கமாட்டாமல் வெறும் வானத்தைக் காட்டி, "அண்ணே, அதோ பாருங்க, இன்னொண்ணு" என்றார்.

யாரோ கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் நேரத்துக்கு அமைதி. பிறகு கேட்டது:

"இல்லீங்க பாய்."